பெரியண்ணனுக்கு ஒரு தட்டு

சுகாதார நிலையத்தில் அவளுடைய அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கதவில் ‘உணவு ஆலோசகர்’ என்று பலகை மாட்டியிருந்தாலும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் டயட் மேடம்தான். மேசைமேல் பிளாஸ்டிக் சோறு, பிளாஸ்டிக் கேரட், பிளாஸ்டிக் மீன் துண்டு. அம்மாக்களோடு வரும் குழந்தைகள் கடித்துக் கடித்து அந்த மீனின் வாலில் பல் தடம் விழுந்திருந்தது. சுவரில் ஒரு பெரிய படம் தொங்கியது: வட்டமான தட்டு, பாதியில் காய்கறி, கால் பங்கில் சோறு, மிச்சக் காலில் பருப்போ மீனோ முட்டையோ. அந்தப் பேட்டைக்குப் பல திக்கிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் உண்டு. வெளியே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சைக் கேட்டால் யாரோ ரேடியோவைத் திருகிக்கொண்டே போவதுபோல இருக்கும். அதனால் படத்துக்குக் கீழே நான்கு மொழிகளில் விளக்கம் அச்சடித்திருந்தார்கள். தட்டு மட்டும் ஒன்றுதான்.

பெரியண்ணன் அங்கே வந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். சீட்டில் இருந்த பெயரை அவள் இரண்டு தடவை கூப்பிட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது தடவை, சுவரோரம் இருந்த பெரிய உடம்புக்காரர் ஒருவர் திடுக்கிட்டு எழுந்தார்.

“மன்னிச்சுக்குங்க மேடம். வீட்ல, பட்டறையில, தெருவுல எல்லாரும் பெரியண்ணன்னுதான் கூப்பிடுவாங்க. பேரைச் சொன்னா யாரையோ கூப்பிடுறாங்கன்னு நானே திரும்பிப் பார்ப்பேன்.”

இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற பட்டறைக்காரர் அவர். உட்காருவதற்கு முன்னால் நாற்காலியின் கால்களைக் குனிந்து பார்த்து, வெல்டிங் எப்படி இருக்கிறது என்று ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதி, சாப்பாட்டைப் பற்றிப் பேச இவளிடம் அனுப்பியிருந்தார்.

“மத்தியானம் என்ன சாப்பிடுவீங்க?”

“சோறு, பருப்பு, கறி, கிழங்கு… எல்லாந்தான்.”

“சோறு எத்தனை கரண்டி?”

அவர் நிஜமாகவே யோசித்தார். “அது எப்படிச் சொல்றது? தாம்பாளத்துல இருக்கும். சாப்பிடுவோம்.”

அவள் பேனாவை உயர்த்தியபடி காத்திருந்தாள். அதற்குமேல் எதுவும் வரவில்லை. அளவைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். இவரும் அந்த ரகம் என்று முடிவு கட்டினாள். வெளியே யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் அலமாரியைத் திறந்து, உள்ளே மூன்று பிரிவாகத் தடுப்பு வைத்த புதுத் தட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“கவலையே வேண்டாம். பெரிய பிரிவுல காய், இந்தச் சின்னதுல சோறு, இதுல பருப்பு இல்லேன்னா கறி. இனிமே வீட்ல எப்பவும் இதுலதான் சாப்பிடணும்.”

“எனக்கு மட்டுமா?”

“உங்களுக்கே உங்களுக்கு!” ஏதோ பரிசு கொடுக்கிற உற்சாகத்தில் சொன்னாள்.

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகம் மட்டும் அபராதச் சீட்டு வாங்கியவர் முகமாக இருந்தது. அவள் அதைக் கவனிக்காமல் இல்லை. சோறு குறையப் போகிற கவலையாக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

அடுத்த வாரமே வரவேற்பு மேசை அம்மாள் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். “மேடம், உங்களைப் பார்க்க ஒரு கோஷ்டி வந்திருக்கு. சீட்டு இல்ல. கோபம் நிறைய இருக்கு.”

கோஷ்டி உள்ளே வந்தது. முன்னால் வந்தவர் பெரியண்ணனின் தங்கை. அந்த வீட்டுச் சமையலறை அவருடைய ராஜ்ஜியம். வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடுவதைப் பார்த்துத் தெருவே அவரை அத்தை என்றுதான் கூப்பிட்டது. பின்னால் பெரியண்ணனின் மனைவி, கண்கள் சிவந்து. அவருக்கும் பின்னால், கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்தபடி, வீட்டின் கடைசித் தம்பி. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் அவன் பெயர் இன்னும் கடைக்குட்டிதான்.

அத்தை பையிலிருந்து தட்டை எடுத்து மேசையில் வைத்தார். வைத்தார் என்று சொல்வது மரியாதைக்காக. பிளாஸ்டிக் மீன் துள்ளிக் கீழே விழுந்தது.

“இந்தாங்க உங்க தட்டு. எங்க வீட்டைப் பிரிச்சது போதும்.”

“நானா? நான் எங்கம்மா பிரிச்சேன்?”

“எங்க வீட்ல அத்தனை பேரும் ஒரே தாம்பாளத்துலதான் சாப்பிடுவோம். பொறந்ததுலேருந்து அப்படித்தான். அன்னைக்கு இவரு இந்தத் தட்டை எடுத்துட்டு வந்து, ஒரு வார்த்தை பேசாம, ஜன்னல்கிட்ட போய்த் தனியா உக்காந்துட்டாரு. ஏன்னு கேட்டா, ‘எனக்கு மட்டும்தான்னு சொல்லிட்டாங்க’ங்கிறாரு. யாரு சொன்னாங்கன்னு நேத்துதான் வாயைத் திறந்தாரு.”

“நான் டாக்டருங்கதான் சொன்னாங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன்,” என்றார் பெரியண்ணனின் மனைவி. “ஏதோ ஒட்டுற வியாதி, நம்மகிட்ட மறைக்கிறாருன்னு நெனச்சேன். அவரு துணியைத் தனியா ஊற வெச்சேன். வென்னீர் போட்டுப் போட்டுக் கேஸ் தீந்துபோச்சு.”

கடைக்குட்டி தொண்டையைச் செருமினான். “எங்களுக்கு வேற பயம் மேடம். எங்க சித்தப்பா ஒருத்தர், பட்டறையில பங்கு பிரிக்கிறதுக்கு முன்னாடி இப்படித்தான் முதல்ல தட்டைப் பிரிச்சாரு. அண்ணனும் பிரிச்சு விடப்போறாருன்னு நடு அண்ணன் ரெண்டு நாளா யாருகூடவும் பேசல. என் பொண்டாட்டி, தான் வந்த நேரம்தான் சரியில்லைன்னு அழுவுறா.”

“அதெல்லாம் கூட விடுங்க,” என்றார் அத்தை. குரல் இறங்கிவிட்டது. “தனியா உக்காந்தா அண்ணனுக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. நாலு வாய் போட்டுக்கிட்டு எழுந்துடுறாரு. ஆனா மாத்திரை மட்டும் தவறாம முழுங்குறாரு. நேத்து பட்டறையில அப்படியே சாஞ்சுட்டாரு. கையில வெல்டிங் கம்பி. இவன் பக்கத்துல இருந்ததால பிடிச்சுட்டான். சர்க்கரைத் தண்ணி கொடுத்த பிறகுதான் கண்ணு தெளிஞ்சுது.”

டயட் மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். மாத்திரை உள்ளே போய், சாப்பாடு போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? அந்த எச்சரிக்கையை அவள் எல்லோருக்கும் சொல்வாள். பெரியண்ணனுக்கும் சொல்லியிருந்தாள். ஆனால் தட்டைக் கொடுத்தால் அவர் பட்டினி கிடப்பார் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

அவர்களை உட்காரவைத்துவிட்டு டாக்டரிடம் ஓடினாள். மூக்கின் நுனியில் கண்ணாடி வைத்திருக்கும் பெரிய டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார், மாத்திரையின் அளவை அப்போதைக்குக் குறைத்து எழுதினார், பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“பாருங்க, நாம சொன்னதைச் செய்யாத ஆளுங்களையே பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிடுச்சு. இந்த மனுஷன் நாம சொன்னதை அப்படியே செஞ்சிருக்கார். அதனால விழுந்திருக்கார். இதுக்கு நான் என்ன எழுதிக் கொடுக்கிறது? நீங்க ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு வாங்க.”

திரும்பி வந்ததும் அவள் முதலில் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டாள். அதை அவர் எதிர்பார்க்கவில்லை. கோபத்தோடு வந்தவருக்கு அதை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல், கீழே கிடந்த பிளாஸ்டிக் மீனை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தார்.

“வெள்ளிக்கிழமை மத்தியானம் வாங்க,” என்றார். “சாப்பிட வரணும். சும்மா வந்து எட்டிப் பார்த்துட்டுப் போற வேலையெல்லாம் கிடையாது.”

சரி என்று சொல்லிவிட்டாளே தவிர, வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க அந்தத் தாம்பாளம்தான் அவள் கண்முன் நின்றது. அவளும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடு அவளுடையது. இரண்டு தட்டு, இரண்டு தம்ளர். அம்மா வாய் வைத்த தம்ளரில் அவள் குடித்ததில்லை. அவள் கடித்த ஆப்பிளை அம்மா தொட்டதில்லை. அதில் வெறுப்பு ஒன்றும் கிடையாது. அந்த வீட்டில் அன்பு அப்படித்தான், எச்சில் படாமல் இருந்தது.

நிலையத்திலிருந்து கிளம்பும்போது அம்மா போன் செய்தார். “ஒரே தாம்பாளமா? அத்தனை பேரும் கையை விட்டா? வயிறு சரியில்லைன்னு சொல்லிடுடி.”

“டயட் மேடத்துக்கே வயிறு சரியில்லைன்னா அவங்க என்னம்மா நினைப்பாங்க?”

போனை வைத்துவிட்டு அவள் ஆட்டோ பிடித்தாள்.

கீழே பட்டறை, மேலே வீடு. செய்து முடித்த கேட்டுகள் சுவரில் சாய்ந்திருந்தன, ஒன்றில் சிவப்பு பிரைமர் இன்னும் காயவில்லை. படியேறியதும் பெரிய கூடம். நடுவில் பாய் விரித்து, அதன்மேல் தாம்பாளம். அதைத் தாம்பாளம் என்று சொல்ல அவளுக்குத் தயக்கமாக இருந்தது. ஒரு குழந்தை அதில் படுத்துத் தூங்கலாம். ஸ்டீல் தகட்டை வட்டமாக வெட்டி, விளிம்பை மடக்கி, கையில் கீறாதபடி பாலிஷ் போட்டுப் பெரியண்ணனே செய்தது. தம்பிமார் கல்யாணத்தின்போதெல்லாம் பழையதைப் போட்டுவிட்டுப் புதிதாகப் பெரிதாக வெட்டுவாராம். இப்போது இருப்பது சமையலறை வாசலில் நுழையாது. முதலில் கூடத்தில் அதை வைத்துவிட்டு, அப்புறம்தான் பாத்திரங்களைக் கொண்டுவந்து பரிமாறுவார்கள்.

எல்லோரும் கை கழுவிவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரியண்ணனும் தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கொஞ்சம் வெட்கத்தோடு பார்த்து அவள் சிரித்தாள். அவரும் வெட்கத்தோடு சிரித்தார். அவளுக்கும் ஓர் இடம் விட்டிருந்தார்கள். உட்கார்ந்தாள். கை மட்டும் மடியைவிட்டு வரவில்லை.

சோற்றுப் பானையோடு வந்த அத்தை அவளை ஒரு பார்வை பார்த்தார். பானையை வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பும்போது கையில் ஒரு வெள்ளைத் தட்டும் ஸ்பூனும். தட்டின் அடியில் கடைக்காரன் ஒட்டிய சீட்டு இன்னும் இருந்தது. தாம்பாளத்தின் விளிம்பைத் தொட்டாற்போல அதை அவள் முன்னால் வைத்து, யாரும் கை வைப்பதற்கு முன்னால், பானையிலிருந்தே பரிமாறினார்.

“பழக்கம் இல்லேன்னா இறங்காதும்மா. கூட உக்காந்தா போதும், எதுல சாப்பிட்டா என்ன?”

அவ்வளவுதான். அந்தத் தட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்குட்டி எலுமிச்சைத் துண்டு ஒன்றை அதில் வைத்துவிட்டு நடு அண்ணனோடு கிரில் டிசைனைப் பற்றிப் பேச்சைத் தொடர்ந்தான். அவள் ஸ்பூனை எடுத்தாள். அறைக்கு வந்தவரிடம் நான்கு கேள்விகூடக் கேட்காமல் தட்டை நீட்டியவள் அவள். இந்த அம்மாள் கேள்வியே கேட்காமல் அவள் முகத்தைப் பார்த்துத் தட்டை வைத்துவிட்டார். படித்த படிப்பெல்லாம் எதற்கு என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம், எதற்காக வந்தோம் என்பது நினைவுக்கு வர, பெரியண்ணனின் கையைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

அங்கேதான் அவளுக்கு வேடிக்கை பிடிபட்டது. மனுஷன் எதையுமே எடுத்துக்கொள்ளவில்லை. தன் முன்னால் இருப்பதைப் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் முன்னால் இருப்பது குறையவேயில்லை. நடு அண்ணன் பேச்சுவாக்கில் ஒரு கறித்துண்டை அவர் பக்கம் தள்ளினார். மனைவி முறுகலான கிழங்காகப் பொறுக்கித் தள்ளினார். கடைக்குட்டி எலும்போடு சேர்ந்த நல்ல துண்டைத் தள்ளினான். அத்தை எட்டி, சோற்றுக் குவியலையே கரையுடைத்து அவர் பக்கம் சரித்தார். எதிரில் இருந்த வாண்டு ஒன்று தன் பங்குக்கு, பாதி கடித்த கிழங்கைத் தள்ளியது. சுற்றி இருந்தவர்களுக்குத் தாங்கள் தள்ளுவதே தெரியவில்லை. அத்தனை பேருடைய மரியாதையையும் அந்த ஒரு வயிறு தாங்கிக்கொண்டிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அவள் கண்டதைச் சொன்னாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மறுத்தார்கள். “நான் எங்க தள்ளினேன்?” என்றார் மனைவி. “நீங்கதான் தள்ளினீங்க பெரியம்மா,” என்று பிள்ளைகள் ஒரே குரலில் காட்டிக்கொடுத்தார்கள்.

“என்னை மாதிரி அவரும் தாம்பாளத்துக்குப் பக்கத்துலயே தட்டு வெச்சுக்கிட்டா?” என்று அவள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

பெரியண்ணன் தலையசைத்தார். “உங்களுக்கு அது மரியாதை மேடம். எனக்கு அது வெளியில உக்கார வெச்ச மாதிரி.”

தள்ளுவதை நிறுத்துங்கள் என்று அவள் சொல்ல வாயெடுத்து, சுற்றியிருந்த முகங்களைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். “சரி, தள்ளுங்க. ஆனா கீரையையும் காயையும் தள்ளுங்க. அவருக்கு அதுதான் இப்ப உசத்தி.”

ஆஹா என்று ஒத்துக்கொண்டார்கள். கீழே வரைக்கும் வந்து ஆட்டோ ஏற்றிவிட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

சில நாள் கழித்துப் பெரியண்ணன் போன் செய்தார். பின்னால் பட்டறைச் சத்தம்.

“மேடம், கீரையைப் பார்த்தா எனக்கு ஆடு மாதிரி கத்தத் தோணுது.”

“ஏன், நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா போட்டி போட்டுக்கிட்டுத் தள்ளுறாங்க. அதோட, வெறும் கீரையைத் தள்ளினா எனக்கு மனசு கஷ்டப்படுமாம். அதனால மேல ஒரு கறியும் வெச்சுத் தள்ளுறாங்க.”

அன்று சாயங்காலம் வேலை முடிந்து அவள் நேராகப் பட்டறைக்கே போனாள். பெரியண்ணன் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். இந்தத் தடவை அவள் பேனா எடுக்கவில்லை.

“ஒரு விஷயம் எனக்குப் புரியணும். அவங்க தள்ளினதை நீங்க அவங்களுக்கே திருப்பித் தள்ளலாமா?”

“ஐயோ, கூடாது. முகத்துல அடிச்ச மாதிரி ஆயிடும்.”

“சாப்பிடாம அப்படியே விட்டா?”

“சமைச்சவளைக் குத்தம் சொன்ன மாதிரி. என் தங்கச்சியை உங்களுக்குத் தெரியுமே.”

“வேற யாருக்காவது கொடுத்தா?”

பெரியண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்து அப்படியே நிறுத்தினார். கையுறையைக் கழற்றினார். “கொடுக்கலாமே,” என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. “வீட்ல பெரியவன் கையால எடுத்துக் கொடுத்தா யாரும் வேண்டாம்னு சொல்ல முடியாது. எங்கப்பா கொடுப்பாரு. நான்தான்… எனக்கு வர்றதே வாய் கொள்ளாம வந்துட்டிருந்துச்சா, கொடுக்கணும்னு தோணவே இல்ல.” பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இரும்பு அடிக்கிற இடத்தில் வளர்ந்த சிரிப்பு. எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “இத்தனை வயசுக்கு மேல, எனக்கு ஒரு அதிகாரம் இருக்குன்னு நீங்க வந்துதான் கேட்டுச் சொல்ல வேண்டியிருக்கு.”

அதிகாரம் அன்று ராத்திரியே அமலுக்கு வந்தது. அவருக்கு வருகிற கறி, கிழங்கு எல்லாம் ஒரு கணம் அவர் முன்னால் தங்கி, அடுத்த கணம் பக்கத்தில் இருக்கிற கடைக்குட்டிக்குப் போயிற்று. அத்தையும் சும்மா இருக்கவில்லை. யாரும் சொல்லாமலே, சோற்றைத் தாம்பாளம் முழுக்கப் பரப்புவதை விட்டுவிட்டு எதிர்ப்பக்கமாகக் குவித்து, அண்ணன் பக்கம் பருப்பும் காயும் வருகிற மாதிரி பரிமாறத் தொடங்கினார். கேட்டால், “சும்மா, பார்க்க அழகா இருக்கேன்னு,” என்று சொல்லிவிடுவார்.

ஒரு மாதம் கழித்து டயட் மேடம் மறுபடி போனபோது, கதவைத் திறந்த கடைக்குட்டியின் சட்டைப் பொத்தான்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன.

“அண்ணன் கொடுக்கிறாரு மேடம்,” என்றான் பரிதாபமாக. “வேண்டாம்னு எப்படிச் சொல்றது?”

“உன் பேரைப் பெரியகுட்டின்னு மாத்திடலாம்டா,” என்றார் நடு அண்ணன். அவர் இப்போது எல்லோரோடும் பேசிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கும் அவளுக்கு வெள்ளைத் தட்டு வந்தது. எல்லோரும் உட்கார்ந்து, கையும் பேச்சும் ஓடிக்கொண்டிருந்தன. மனைவி தள்ளிய ஒரு நல்ல கறித்துண்டைப் பெரியண்ணன் விரலால் எடுத்தார். வழக்கம்போல இடது பக்கம், கடைக்குட்டி பக்கம் நீட்டினார். அவன் கண்ணாலேயே கெஞ்சினான். பெரியண்ணனுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். வேறு யாருக்குக் கொடுக்கலாம் என்று தாம்பாளத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

அப்போதுதான் அவருடைய பார்வை எதிர்க் கோடியில் நின்றது. கடைக்குட்டியின் மனைவி அங்கே, தாம்பாளத்தின் ஓரமாக, தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மாதக் கர்ப்பிணி. அவள் முன்னால் வெறும் சோறும் கொஞ்சம் குழம்பும் மட்டும் இருந்தன. வீட்டுக்குக் கடைசியாக வந்தவள். அவள் எல்லோருக்கும் தள்ளினாள். அவளுக்குத் தள்ள அவளுக்குக் கீழே யாரும் இல்லை. அந்தத் தாம்பாளத்தில் நல்லதெல்லாம் ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருந்தது.

பெரியண்ணன் எழுந்து முழங்காலில் நின்று, கையை நீட்டி, கறியை அவள் முன்னால் வைத்தார்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் கணவனைப் பார்த்தாள்.

“மாமா, எனக்கா?”

“உனக்குத்தாம்மா. சாப்பிடு.” கொஞ்சம் தயங்கி, “டாக்டர் உனக்கு என்ன சொன்னாரு? உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“ரத்தம் கம்மியா இருக்குன்னு சொன்னாங்க, மாமா. மாத்திரை கொடுத்திருக்காங்க. கறி, முட்டை, கீரையெல்லாம் நல்லா சாப்பிடச் சொன்னாங்க.”

“யாருகிட்டயும் சொல்லவே இல்லையே நீ!” என்றார் அத்தை.

“நீங்க எல்லாரும் மாமா உடம்பை நெனச்சு பயந்துட்டு இருந்தீங்க. நடுவுல நான் என்னத்த சொல்றது…”

அத்தை வாயடைத்துப் போனார். அந்த வீட்டில் அது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல. பிறகு தன் முன்னால் இருந்த முட்டையை எடுத்து அந்தப் பெண்ணின் பக்கம் தள்ளினார். பெரியண்ணனின் மனைவி கீரையைத் தள்ளினார். நடு அண்ணன் கறியைத் தள்ளினார். வாண்டுகளுக்குக் காரணம் தேவைப்படவில்லை, தள்ளுவதென்றால் தள்ளினார்கள். சோற்றுக்கும் முட்டைக்கும் பின்னால் அந்தப் பெண் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போல.

டயட் மேடம் தன் வெள்ளைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன தடவை அவளும் இதே கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தன்னிடம் சீட்டோடு வந்த பெரியண்ணனின் கையை மட்டும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். எதிரில், கை எட்டும் தூரத்தில், வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி வெறும் குழம்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவள் கண்ணில் படவேயில்லை. அதைச் சொல்லவும் செய்தாள்.

“நீங்க எங்க பார்ப்பீங்க?” என்றார் அத்தை. “ஒரு நாள் வந்தவங்க. தினம் கூட உக்கார்ற எங்களுக்கே தெரியலையே.” பிறகு பழைய அதிகாரத்தோடு, “சும்மா பார்த்துட்டு இருக்காம நீங்களும் ஏதாவது தள்ளுங்க,” என்றார்.

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். தன் தட்டில், இன்னும் தொடாமல் இருந்த மீன் துண்டைக் கையால் எடுத்து, எட்டி, தாம்பாளத்தில் அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தாள். விரலில் ஒட்டிய குழம்பைத் துடைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அதிலிருந்து நான்கு மாதம் கழித்து, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரை டெஸ்டின் முடிவு வந்த அன்று பெரிய டாக்டர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். நன்றாக இறங்கியிருந்தது. “சாயங்காலம் நடக்கிறீங்களா?” என்று கேட்டார்.

“நடக்கிறோம் டாக்டர். தம்பியையும் இழுத்துட்டுப் போறேன். அவன் சட்டை இன்னும் பழையபடி சேரல.”

அந்தக் குடும்பத்தில் அதற்குள் இன்னொரு ஆள் கூடிவிட்டிருந்தது. சுகப் பிரசவம், பெண் குழந்தை, அழுதால் பட்டறைச் சத்தத்தையும் மீறிக் கேட்கிற தொண்டை. பெரியண்ணன் இப்போதே புதிய தாம்பாளத்துக்குத் தகடு வாங்கிப் போட்டுவிட்டாராம். “அது சோறு சாப்பிட இன்னும் எவ்வளவு நாள் இருக்கு!” என்று டயட் மேடம் சிரித்ததற்கு, “வேலைன்னு ஒண்ணு வந்துட்டா நேரம் கிடைக்காது மேடம், இப்பவே வெட்டி வெச்சுடணும்,” என்றார்.

அவளுடைய அறையில் சுவர்ப் படம் அப்படியே தொங்கியது. அந்தப் படத்தில் தவறொன்றும் இல்லை; நிறையப் பேருக்கு அது உதவத்தான் செய்தது. மூன்று பிரிவுத் தட்டையும் சிலர் ஆசையோடு வாங்கிப் போனார்கள். அவள் மாற்றியது ஒன்றைத்தான். என்ன சாப்பிடுவீர்கள், எத்தனை கரண்டி என்று ஆரம்பிப்பதை விட்டுவிட்டாள்.

அன்று கடைசியாக வந்தவர் ஒரு வங்கி வாசல் காவலாளி. சீருடைத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். கொழுப்பு கூடியிருந்தது. திட்டு வாங்கத் தயாராக வந்தவர்போல இருந்தார்.

“வீட்ல யாரோட உக்காந்து சாப்பிடுவீங்க?” என்று கேட்டாள்.

இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. மடியிலிருந்த தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“டிவியோடதான் மேடம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. வெளியே வரிசை காலியாகிவிட்டிருந்தது. அவள் மேசையைச் சுற்றி வந்து, அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“சரி, சொல்லுங்க. எந்தச் சேனல்?”